மகிட்டா 9820-2: இயந்திரத்தைவிடக் கல்லைப் பாருங்கள்

புக்கிட் பாத்தோக் தொழிற்கூடங்களில் தச்சுப்பட்டறை நடத்துபவர்களுக்கு இழைப்பு இயந்திரக் கத்தி மழுங்குவது ஓயாத தொல்லை. கெருயிங், காப்பூர், தேக்கு என்று நம் பட்டறைகளுக்கு வரும் மரங்களில் சிலிக்கா உண்டு. கத்தியின் முனையை அதுதான் தேய்க்கிறது. சாணைக்கு வெளியே அனுப்பினால் கத்தி திரும்பும்வரை வேலை நிற்கும். அதனால்தான் மகிட்டா 9820-2 சாணை இயந்திரத்தைப் பட்டறை மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன்.

படுக்கைவாட்டில் சுழலும் 200 மி.மீ. கல், மேலே சொட்டும் தண்ணீர்த் தொட்டி, தண்டின்மேல் இடவலமாக நகரும் கத்திப்பிடி. இவ்வளவுதான் அமைப்பு. 400 மி.மீ. வரை நீளமுள்ள கத்திகளைப் பிடிக்கும். கல் நிமிடத்துக்கு 560 சுற்றுதான். அதன் வெளிவிளிம்புகூட விநாடிக்கு 6 மீட்டரைத் தொடாது. அதே அளவு கல்லைப் பெஞ்சு கிரைண்டர் கிட்டத்தட்ட 30 மீட்டர் வேகத்தில் ஓட்டும். அங்கே கை கொஞ்சம் அழுந்தினாலே முனை நீலம் பாயும். கார்பன் எஃகுக் கத்தியென்றால் பதமே போய்விடும். இதில் தீட்டிய கத்தியை உடனே தொடலாம், சூடே இல்லை.

பெட்டியோடு வருவது 1000 கிரிட் கல். மெருகுக்கு அது அருமை. ஆனால் ஆணி கடித்துப் பல் விழுந்த கத்தியை அதில் சரிசெய்ய நினைத்தால் நாள் போகும், கல்லும் குழியும். 60 கிரிட் கல்லையும் சேர்த்து வாங்குங்கள்: பல்லை அதில் எடுத்து, 1000-ல் கீறலை ஆற்றலாம். 6000 கிரிட் இழைப்புக் கத்திக்குத் தேவையில்லை என்பதே என் முடிவு.

புக்கிட் பாத்தோக் ஒருகாலத்தில் கருங்கல் வெட்டிய ஊர். இங்குள்ள லிட்டில் குவிலின் பூங்காவின் குளம் அந்தப் பழைய குவாரியில்தான் நிற்கிறது. ஆனால் சாணைக்கு அந்தக் கருங்கல் உதவாது. சாணைச் சக்கரங்கள் உலையில் பிறந்த அலுமினியம் ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடு. 1954-ல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் சக்கரமோ, ஜப்பான் சக்கரமோ, தனியாக வாங்கும்போது அதன்மேல் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். டபிள்யூஏ என்றால் வெள்ளை அலுமினியம் ஆக்சைடு. ஹைஸ்பீடு எஃகுக்கு ஏற்றது. ஜிசி என்றால் பச்சை சிலிக்கன் கார்பைடு. அடுத்து வரும் எண் கிரிட். அதற்கடுத்த எழுத்து, மணிகளைப் பசை எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று சொல்கிறது. கத்தி கடினமானால் கல் மிருதுவாக இருக்க வேண்டும். அப்போதுதான் மழுங்கிய மணி உதிர்ந்து, கூரான புது மணி வெளியே வரும். இறுகிய கல்லில் மழுங்கிய மணிகள் அங்கேயே தங்கும். கல் பளபளத்துவிடும், பிறகு அறுக்காது, தேய்க்கத்தான் செய்யும்.

இந்த மகிட்டாவில் கவனம் வேண்டிய இடம் கல்லின் மேற்பரப்பு. கத்தி எப்போதும் ஒரே தடத்தில் ஓடுவதால் அங்கே பள்ளம் விழும். பள்ளம் விழுந்த கல்லில் கத்தியின் முனை நேராக வராது. கல்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பென்சில் கோடு போட்டு, தண்ணீர் ஊற்றி, வைரத் தகட்டைத் தட்டையாக வைத்துக் கையால் தேய்த்தேன். ஓரக் கோடுகள் முதலில் அழிந்தன; நடுவில் வளையமாகக் கோடு அப்படியே நின்றது. பள்ளம் அதுதான். அந்த வளையம் மறையும்வரை தேய்த்த பிறகே கத்தியை மாட்டினேன். சாய்வில் மார்க்கர் பூசி, இரண்டு முறை நகர்த்திப் பார்த்தால் கல் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும். மை முனையில் மட்டும் போனால் சாய்வு அதிகம், அடியில் போனால் குறைவு.

இழைப்பு இயந்திரத்தின் ஒரே சுழல்தலையில் ஓடும் கத்திகள் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத் தேயுங்கள். ஒன்று எடை குறைந்தால் தலை அதிரும், பலகையில் அலை விழும்.

குறைகளும் உண்டு. தண்ணீர் மேசையெங்கும் தெறிக்கிறது. கார்பைடு கத்திக்கு இது ஆகாது, அதற்கு வைரச் சக்கரம் வேண்டும். வளைவு வெட்டும் மோல்டிங் கத்திக்கும் உதவாது. அங்கே செங்குத்தாகச் சுழலும் மெல்லிய சக்கரத்தின் விளிம்பை, கத்தியில் உள்ள மிகச் சிறிய உள்வளைவுக்குள் நுழையுமாறு வைர டிரஸ்ஸரால் உருட்டிக்கொள்ள வேண்டும். அந்த வேலை மிகுந்த பட்டறைகள் புரொஃபைல் கிரைண்டருக்குப் பணம் சேர்க்கட்டும். நேர்க்கத்தி மட்டும் வைத்திருக்கும் சிறிய பட்டறைக்கு இரண்டு கல்லோடும் ஒரு வைரத் தகட்டோடும் மகிட்டாவை வாங்கச் சொல்வேன்.