கோல்மன் அறிக்கை: எண்கள் சொன்னதும் நாம் கேட்டதும்

சில நூல்கள் படிக்கப்படுவதைவிட மிகுதியாக எடுத்துக்காட்டப்படுகின்றன. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘கல்வி வாய்ப்பில் சமத்துவம்’ என்னும் ஆய்வறிக்கை அத்தகையது. தலைமை ஆய்வாளரான ஜேம்ஸ் கோல்மனின் பெயராலேயே அது இன்றும் வழங்கி வருகிறது. எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அவ்வறிக்கையினின்று பலருடைய நினைவில் நின்றது ஒரே ஒரு கருத்துதான். மாணவனை ஆக்குவதும் அழிப்பதும் வீடே. பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை என்பது அது. ஆசிரியர்களாகிய நமக்கு இதனினும் கடுமையான தீர்ப்பு இல்லை. சோர்ந்துபோன ஆசிரியருக்கோ இதனினும் இனிய சாக்கு இல்லை. ஆகவே, அறிக்கை மெய்யாகவே அவ்வாறு கூறுகின்றதா என்று ஆராய்வது நம் கடனாகும்.

அறிக்கையின் சிறப்பு

1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இன வேறுபாட்டால் கல்வி வாய்ப்பு மறுக்கப்படும் நிலையை ஆராய்ந்து இரண்டாண்டுகளில் அறிக்கை தருமாறு பணித்தது. அதன்படி ஏறத்தாழ 4,000 பள்ளிகளும், 60,000 ஆசிரியர்களும், 600,000 மாணவர்களும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டனர். 1, 3, 6, 9, 12ஆம் வகுப்பு மாணவர்கள் தேர்வு எழுதினர். சமூகவியலில் அதற்குமுன் இத்துணைப் பெரிய அளவாய்வுகள் அரியன.

எனினும், அளவைக் காட்டிலும் அணுகுமுறையே அதன் பெருமைக்குக் காரணமாகும். கட்டடம், நூலகம், ஆய்வுக்கூடம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்துப் பள்ளியின் தரத்தைக் கூறுவதே அந்நாள் வழக்கம். கோல்மனோ, இவற்றால் மாணவன் பெற்ற பயன் என்ன என்று வினவினார். இவ்வினா எழுந்தபின் கல்வியாய்வு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

மாறுபாடு என்பதன் பொருள்

மொழித்திறன் தேர்வில் மாணவர் பெற்ற மதிப்பெண்களின் மொத்த மாறுபாட்டில், பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே அமைந்தது பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு வரையே என அறிக்கை கண்டது. எஞ்சியது ஒரே பள்ளிக்குள் மாணவர்க்கும் மாணவர்க்கும் இடையே காணப்பட்டது. பள்ளியால் பயனில்லை என்னும் முடிவைப் பலரும் இதிலிருந்தே பெற்றனர். இங்கேதான் தடுமாற்றம் நேர்கிறது.

ஒரே அளவு மழை பெய்யும் ஓர் ஊரில் நூறு வயல்கள் உள்ளன என்று கொள்வோம். விளைச்சல் வயலுக்கு வயல் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டிற்கு மண் காரணமாகலாம், எருவும் உழைப்பும் காரணமாகலாம், மழை காரணமாகாது. கணக்கில் மழையின் பங்கு சுழியமே. அதனால் மழையின்றிப் பயிர் விளையும் என்று எவரேனும் கூறுவரோ? மாறுபாட்டை விளக்குவது வேறு; விளைவை உண்டாக்குவது வேறு. பள்ளிகள் தம்முள் ஒத்திருப்பின் அவற்றிடையே மாறுபாடு குறைவாகவே இருக்கும். எழுத்தறியாக் குழந்தைக்கு எழுத்தறிவித்த பணி அந்த எண்ணில் இடம்பெறுவதே இல்லை.

மற்றொன்றும் உண்டு. பள்ளிக்குள் காணப்படும் மாறுபாடு முழுவதும் வீட்டின் விளைவன்று. ஒரே பள்ளியில் ஒரு வகுப்பிற்கு நல்லாசிரியர் வாய்க்கிறார். அடுத்த வகுப்பிற்கு வாய்ப்பதில்லை. கோல்மன் ஆய்வு எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் பயின்றார் என்பதை இணைத்துப் பார்க்கவில்லை. ஆசிரியர்களின் தகுதிகளைப் பள்ளி முழுவதற்குமாகச் சராசரியாக்கியது. ஆசிரியர்க்கு ஆசிரியர் உள்ள வேறுபாடு அச்சராசரியில் மறைந்தொழிந்தது. 1971இல் எரிக் ஹனுஷெக் வெளியிட்ட ஆய்வு முதலாக, மாணவரையும் அவருடைய ஆசிரியரையும் இணைத்து நோக்கிய ஆய்வுகள், ஒரே பள்ளியிலும் ஆசிரியரின் பயன் பெரிதும் வேறுபடுவதைக் காட்டின.

முந்தியவர்க்கே பங்கு

சாமுவேல் பௌல்ஸ், ஹென்றி லெவின் என்னும் பொருளியலறிஞர் இருவர் 1968இல் எழுப்பிய தடை இன்னும் நுட்பமானது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வசதியுள்ள பள்ளிக்கே செல்கின்றனர். ஆகவே வீடும் பள்ளியும் தனித்தனியே இயங்குவன அல்ல. இரண்டும் கூடி விளைவிக்கும் பங்கு ஒன்றுண்டு. கோல்மன் குழுவினர் முதலில் வீட்டுச் சூழலைக் கணக்கில் சேர்த்து, எஞ்சியதையே பள்ளிக்கு அளித்தனர். கூட்டு நிலத்து விளைச்சலை மூத்தவன் முழுவதும் அள்ளிச் சென்றபின், இளையவனின் களத்தில் நெல் குறைவு என்று குற்றம் சாட்டுவதை இஃது ஒக்கும். வரிசையை மாற்றினால் பங்கும் மாறும்.

வேறு குறைகளும் உள. தெரிந்தெடுத்த உயர்நிலைப் பள்ளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கின் தரவுகள் பகுப்பாய்வில் சேரவில்லை. மாணவர்க்கான செலவு பள்ளிவாரியாக அன்றி வட்டாரச் சராசரியாகவே கொள்ளப்பட்டது. ஒரே காலத்தில் எடுத்த கணக்காதலின், ஒரு மாணவன் எந்நிலையில் தொடங்கி எவ்வளவு வளர்ந்தான் என்பதையும் அது காட்டவில்லை.

நடுநிலை நோக்கு

இவற்றால் அறிக்கை முற்றும் பொய் என்று தள்ளிவிடலாகாது. பிரடெரிக் மொஸ்டெல்லர், டேனியல் மோய்னிஹன் இருவரும் தொகுத்து 1972இல் வெளியான மறுஆய்வு நூல், குறைகளைச் சுட்டியபோதும் முதன்மை முடிவுகள் பெரும்பாலும் நிலைபெறுவதையே கண்டது. வீட்டின் வலிமை மெய். வறுமையும் கல்லாமையும் குழந்தையின் ஏட்டில் தம் கைவரிசையைக் காட்டவே செய்யும்.

ஆயினும் அவ்வறிக்கையே கூறிய வேறொன்றைப் பலர் எடுத்துக்காட்டுவதில்லை. பள்ளியின் கூறுகளுள் கட்டட வசதிகளைவிட ஆசிரியரின் தரமே மாணவரின் அடைவோடு மிகுதியாகத் தொடர்புற்றது என்றும், அத்தொடர்பு பின்தங்கிய சிறுபான்மை மாணவரிடத்தே மேலும் வலுவாக உள்ளது என்றும் அது பகர்கிறது. வீடு கைவிட்ட பிள்ளைக்கே ஆசிரியர் மிகுதியாகத் தேவைப்படுகிறார் என்பதன்றோ இதன் கருத்து?

மாணவர்களும் ஆசிரியர்களும் விழுக்காடுகளைக் காணும்போது சில வினாக்களை எழுப்பப் பழகல் வேண்டும். யாரைக் கேட்டனர்? விடை தராதவர் யாவர்? எதனைச் சராசரியாக்கினர்? எதனை முதலில் கணக்கில் கொண்டனர்? இவ்வினாக்களுக்குப் புள்ளியியல் புலமை வேண்டியதில்லை, பொறுமை போதும். எண்கள் பொய் சொல்வதில்லை. கேட்காத கேள்விக்கு அவை விடை சொல்வதுமில்லை. ‘வீடு சரியில்லை, நாம் என்ன செய்ய?’ என்று ஆசிரியர் அறையில் கூறப்படுமாயின், அதற்குச் சான்றாகக் கோல்மனை அழைத்தல் முறையன்று. அவர் அவ்வாறு சொல்லவில்லை.