வாலி வழக்கு

ஹந்தானை மலையடியில், பேராதனையில் தமிழ் படிக்கும் மாணவர் வாதக் கட்டுரை எழுதிப் பழக, கம்பன் கழக மேடைகள் வளர்த்த வழக்காடு மன்றமே நல்ல பயிற்சி. கம்பராமாயணத்து வாலி வதையை எடுத்துக்கொள்வோம். குற்றஞ்சாட்டுபவர், இராமன் மறைந்து நின்று அம்பெய்ததைப் பிடித்துக்கொள்வார். எதிர்த்தரப்பு, வாலி தன் தம்பி மனைவியைக் கவர்ந்ததைக் காட்டும். வாலியும் அடைக்கலம் கேட்டுவிடக்கூடும், அதனால்தான் மறைந்தான் என்ற விடையும் காப்பியத்திலேயே உண்டு. ஆனால் வாலியின் கேள்வி இராமனுக்கு. விடை சொன்னவன் இலக்குவன். கூர்ந்து படித்தவருக்கே இந்த இடைவெளி அகப்படும்.

இந்தப் பயிற்சி வாய்ச்சவடாலைத்தானே வளர்க்கும் என்பர் சிலர். மேடையில் குரல் கைகொடுக்கும். ஆனால் தாளில் பாட்டிலுள்ள ஆதாரம் மட்டுமே. கட்சி மாற்றி எழுதச் சொன்னால், முன்பு மறைத்த ஆதாரத்தை மாணவரே எடுத்துவைக்க வேண்டிவரும். வாதத் திறமையோடு நேர்மையும் அப்படித்தான் படியும்.