அம்புலிப் பருவமும் சிறார் கருவிகளும்

பிள்ளைத்தமிழின் பருவங்களுள் அம்புலி ஒன்றே கைக்கு எட்டாப் பொருளை விளையாட்டிற்கு அழைப்பது. சிற்றிலிற் காலடியில் மணல் உண்டு. சிறுபறையிற் கையிற் கோல் உண்டு. சிறுதேர் தொட்டு உருட்டத் தக்கது. நிலவோ அவ்வாறன்று. அதனைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் அழைப்பது புலவர் மரபு. ஆய்வோர் பலர் அந்நான்கனையும் வகுத்துக் காட்டுவதோடு அமைவர். அழைப்பவர் யார் என்பதே ஈண்டு எமக்கு வேண்டுவது. பிள்ளை அழைப்பதில்லை; அதன்பொருட்டுத் தாய் முதலானோர் நிலவை விளித்துப் பேசுகின்றனர். அப்பேச்சினாலேயே வானத்துப் பொருள் முற்றத்துப் பொருளாகின்றது.

இதனை இன்று ஆராய்தற்குக் காரணம் உண்டு. கைப்பொருளையும் திரையில் தோன்றும் பொருளையும் இணைத்துச் சிறார்க்குக் கருவி அமைக்கும் முயற்சி உலகெங்கும் பெருகியுள்ளது. நம் நாட்டில் அதன் பரந்த வடிவம் பாடநூலே எனலாம். 2018-ஆம் ஆண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகட்கு வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பெற்றன. (பெயரிட்டோர் விரைவையே சிறப்பெனக் கொண்டனர் போலும்.) திறன்பேசியிலுள்ள தீக்ஷா செயலியால் அக்குறியீட்டை நோக்கின், பாடத்திற்குரிய காட்சியும் பயிற்சியும் திரையில் தோன்றும். இதன் நன்மையை யாம் மறுக்கவில்லை. ஆயின் குறியீட்டைக் காட்டியதும் நூலின் வேலை முடிந்துவிடுகின்றது. திரை வந்தபின் பிள்ளையின் கை செய்தற்கு ஒன்றுமில்லை. அம்புலியை அழைக்கும் தாய்க்கும் அங்கு இடம் வைக்கப்படவில்லை.

வேறு வகையாக அமைத்தல் கூடுமோ எனின், கூடும். தாம்பரம் மாநகராட்சியைச் சார்ந்த திருநீர்மலையைக் கொள்வோம். மலையடியில் நீர்வண்ணர் நின்ற கோலத்தினர். மலைமேல் நரசிங்கர் இருந்தும், அரங்கநாதர் கிடந்தும், உலகளந்தார் நடந்தும் காட்சி தருகின்றனர். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையை நீர் சூழ்ந்திருந்ததென்றும், அது வடியும்வரை அவர் காத்திருந்தாரென்றும் தலவரலாறு கூறும். நிற்றலும் இருத்தலும் கிடத்தலும் நடத்தலும் பிள்ளை தன் உடம்பாற் செய்து அறியத்தக்கன. அவற்றிற்குத் திரை வேண்டா. இன்று கண்ணாற் காணவியலாத அந்நீர்ப்பரப்பே திரையிற் காட்டத்தக்கது. ஏறிய படிகளைப் பிள்ளை எண்ணிச் சொல்ல, அவ்வளவிற்கு நீர் வடிந்து காட்டுமாயின், காலும் திரையும் ஒன்றையொன்று வேண்டி நிற்கும். ஆழ்வார் ஏன் காத்திருந்தார் என்பதை மட்டும் திரை கூறாதிருத்தல் நன்று. அதனை உடன்வந்த பாட்டி சொல்லட்டும்.

திறன்பேசி எல்லார்க்கும் வாய்ப்பதன்று என்பது உண்மையே. தந்தை பணியினின்று மீளும்வரை அதனைக் காணாத பிள்ளைக்கும் இங்குப் படிகள் உண்டு, பாட்டி உண்டு. நீர் ஒன்றே குறையும். பாடநூற் குறியீட்டிலோ அப்பிள்ளைக்கு எஞ்சுவது ஒரு கரிய கட்டம்.