ஆட்டவிதியும் சந்தைவிதியும்: விளையாட்டாக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

சந்தைப்படுத்தல் பற்றிய எழுத்துக்களிலே அண்மைக் காலத்திற் பெருவழக்குப் பெற்றுள்ள கருத்துக்களுள் ஒன்று விளையாட்டாக்கம். பொருள் விற்போர், வாங்குவோரைத் தம்பால் ஈர்த்து நிலைநிறுத்துவதற்கு விளையாட்டுக்களை வடிவமைப்போர் கையாளும் நெறிகளைக் கைக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். புள்ளி, பட்டம், படிநிலை, தரவரிசை, சேர்க்கச் சேர்க்க நிறைவுறும் தொகுதி, எப்போது வருமெனத் தெரியாத பரிசு என்பன இந்நெறிகளுட் சில. இச்சொல் 2002ஆம் ஆண்டளவில் நிக் பெலிங் என்னும் பிரித்தானியரால் ஆக்கப்பட்டது. 2011இல் செபஸ்தியன் டெற்றர்டிங்கும் அவருடன் இணைந்த ஆய்வாளரும் இதற்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தனர். விளையாட்டல்லாத சூழல்களில் விளையாட்டு வடிவமைப்பின் கூறுகளைப் பயன்படுத்துதலே விளையாட்டாக்கம் என்பது அவர்தம் கூற்று.

இவ்வரைவிலக்கணத்திலே ‘கூறுகள்’ என்ற சொல் நமது கவனத்துக்குரியது. ஒரு விளையாட்டின் கூறுகளை அவ்விளையாட்டினின்றும் கழற்றி எடுக்கலாம், பிறிதோரிடத்திற் பொருத்தலாம், பொருத்திய இடத்திலும் அவை முன்போலவே தொழிற்படும் என்னும் எடுகோள் அச்சொல்லினுள் அடங்கியுள்ளது. இலக்கிய விமர்சனத்தோடு பரிச்சயமுடையோர்க்கு இது புதிய வாதமன்று. உள்ளடக்கத்தினின்றும் உருவத்தைப் பிரித்து, உத்திகளை எண்ணிக் கணக்கிட்டு, அக்கணக்கையே விமர்சனம் என்று கொண்டோர் நம்மிடையேயும் இருந்தனர். அப்போக்குக்கு எதிராகப் பேராசிரியர் கைலாசபதி முதலானோர் நடத்திய விவாதங்களை வாசகர் அறிவர். அவ்விவாதத்தின் அடிப்படைக் கேள்வியை விளையாட்டின்பாலும் செலுத்திப் பார்ப்பதே நமது நோக்கம்.

விளையாட்டொன்றின் உருவம் அதன் விதிகளாலானது. யார் யாருக்கு எதைக் கொடுக்கவேண்டும், எவர் எப்போது வெளியேறவேண்டும், ஒருவரது ஆக்கம் மற்றையோர்க்கு ஆக்கமா அழிவா என்பவற்றை விதிகளே தீர்மானிக்கின்றன. ஆதலால் விதிகளின் தொகுதி ஒவ்வொன்றும் மனித உறவுகள் பற்றிய ஒரு கூற்றாகவும் அமைந்துவிடுகின்றது. இதனைத் தெளிவுறக் காட்டுவதற்கு ‘மொனொப்பொலி’ என்னும் பலகை விளையாட்டின் வரலாற்றிலும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

அமெரிக்காவில் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்த லிசி மாகி என்னும் பெண்மணி, 1904 ஜனவரி 5ஆந் திகதி ‘நிலவுடைமையாளரின் ஆட்டம்’ என்ற விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் ஹென்றி ஜோர்ஜின் கருத்துக்களை ஏற்றவர். நிலத்தின் பெறுமதி உயர்வது உடைமையாளரின் முயற்சியாலன்று. சுற்றியுள்ள சமுதாயம் உழைத்து வளர்வதனாலேயே அது உயர்கின்றது. எனவே நிலவாடகையை வரியாகப் பெற்றுச் சமுதாயத்துக்கே மீட்டளித்தல் வேண்டும் என்பது 1879இல் வெளியான நூலொன்றில் ஜோர்ஜ் முன்வைத்த கொள்கை. (இத்திட்டம் முதலாளித்துவத்தைக் காப்பாற்றும் முயற்சியே என்று 1881இல் மார்க்ஸ் கருதினார். அவ்வகையில் மாகியின் விமர்சனமும் ஓர் எல்லைக்குட்பட்டதே. எனினும் அது விமர்சனம் என்பதில் ஐயமில்லை.)

மாகியின் பலகையிலே ஆடுவோர் சதுரமான பாதையைச் சுற்றிச் சுற்றி வருவர். ஒரு மூலை பூமித்தாய்க்கு உரியது. அதனைக் கடந்தோர் உழைப்புக்கான கூலியைப் பெறுவர். இன்னொரு மூலை ஆங்கிலப் பிரபு ஒருவரின் நிலம். அங்கு கால்வைத்தோர் அத்துமீறிய குற்றத்துக்காகச் சிறை செல்வர். இந்த ஆட்டத்துக்கு இருவகை விதிகளை அவர் வகுத்தார் என்பதே நாம் முதன்மையாக மனங்கொள்ளவேண்டியது. ஒருவகை விதிப்படி வாடகை உடைமையாளரைச் சேரும். ஒருவர் பெருக, ஏனையோர் ஒவ்வொருவராக அழிவர். மற்றைய விதிப்படி வாடகை பொதுநிதியைச் சேரும். செல்வம் உண்டாகும்போது அனைவரும் பயன்பெறுவர். அதே பலகையில் இருமுறை ஆடியவர், தாம் தோற்றது தமது திறமையின்மையாலன்று, விதியின் தன்மையாலேயே என்பதைத் தாமே கண்டுகொள்வர். சொற்பொழிவு நிகழ்த்தாமலே ஓர் அரசியற் பொருளாதாரக் கருத்தை அனுபவமாக்கிய ஆக்கம் இது.

நூல்வழிப் பரவும் கருத்தைப் போலன்றி, இவ்விளையாட்டு கைக்குக் கை பரவிற்று. தனிவரிக் கொள்கையினர் டெலவெயர் மாநிலத்தில் அமைத்த ஆடன் என்ற குடியேற்றத்தில் இதனை ஆடினர். சோசலிசப் பொருளியலாளர் ஸ்கொட் நியரிங் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்க்கு இதன்மூலம் கற்பித்தார். மக்கள் துணியிலும் பலகையிலும் தாமே வரைந்து, தத்தம் ஊர்த் தெருக்களின் பெயர்களை எழுதிக்கொண்டனர். வாய்மொழி இலக்கியத்துக்கு நிகரான ஒரு வாழ்வு அது. அத்திலாந்திக் சிற்றியைச் சேர்ந்த குவேக்கர்கள் தம் நகரத் தெருக்களைப் பொறித்த வடிவமே சார்ள்ஸ் டறோவின் கையை அடைந்தது. அவர் 1935இல் அதனைத் தம் கண்டுபிடிப்பெனப் பார்க்கர் பிறதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றுப் பெருஞ்செல்வரானார். மாகியிடமிருந்த காப்புரிமையை அதே ஆண்டில் அந்நிறுவனம் 500 டொலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் அவருக்குப் பங்கில்லை. 1940ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மாகி தமது தொழிலை விளையாட்டு ஆக்குபவர் என்றும், அதனால் வரும் வருமானத்தைப் பூச்சியம் என்றும் பதிவுசெய்தார். இவ்வரலாறு பின்னர் வெளிவந்ததுகூட, ‘மொனொப்பொலி எதிர்ப்பு’ என ஓர் ஆட்டத்தை வெளியிட்ட றால்ப் அன்ஸ்பாக் என்ற பொருளியற் பேராசிரியர் சம்பந்தப்பட்ட வழக்கினாலேயே.

சந்தையை அடைந்தபொழுது இவ்விளையாட்டு இழந்தது என்ன? பாதை, சிறை, வாடகை, காகிதப் பணம், கூலி பெறும் மூலை ஆகிய யாவும் எஞ்சின. இரண்டாவது விதித்தொகுதி மாத்திரமே கைவிடப்பட்டது. அதனோடு கருத்து முற்றாகத் தலைகீழாயிற்று. ஏகபோகத்தின் கொடுமையை உணர்த்த எழுந்தது ஏகபோகியாவதன் இன்பத்தைப் பயிற்றுவதாக மாறிற்று. கூறுகள் மாறாதிருக்க, அவற்றின் பொருள் மாறியது. கூறுகளைக் கழற்றிப் பொருத்தலாம் என்போர் இவ்வரலாற்றைக் கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மாற்றம் 1987இல் நிகழ்ந்தது. மக்டொனால்ட்ஸ் உணவு நிறுவனம் அவ்வாண்டு மொனொப்பொலியைத் தன் விற்பனை ஊக்குவிப்புக்கு எடுத்துக்கொண்டது. பானக் கிண்ணத்திலும் உருளைக்கிழங்குப் பொரியல் பெட்டியிலும் ஒட்டப்பட்ட சிறு துண்டுகளை உரித்து, ஒரே நிறத் தெருக்களைச் சேர்ப்போர்க்குப் பரிசு. இதன் பொறிமுறை எளிது. ஒவ்வொரு நிறத் தொகுதியிலும் ஒரு துண்டு மிக அரிதாக அச்சிடப்படும். ஏனையவை தாராளமாகக் கிடைக்கும். ‘பார்க் பிளேஸ்’ பலரது கையில் இருக்கும். அதன் இணையான ‘போட்வோக்’ கிடைக்காது. உண்மையில் வெற்றிக்கு எவ்வளவோ தொலைவில் நிற்பவர், தாம் வெற்றிக்கு அண்மையில் நிற்பதாக ஒவ்வொரு முறையும் உணர்வார். எத்தனையாவது முயற்சிக்குக் கூலி வருமெனத் தெரியாதபோதே புறாக்கள் இடையறாது கொத்திக்கொண்டிருக்கும் என்பதை ஸ்கின்னரின் ஆய்வுகூடம் முன்னரே காட்டியிருந்தது. பெர்ஸ்ரரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட நூல் அதனை விரிவாகப் பதிவுசெய்தது.

ஆயினும் மக்களைப் புறாக்களாகக் கொண்டு விளக்குவது நமக்கு உடன்பாடன்று. அது விற்போர் மக்களை நோக்கும் நோக்கே. விதிகளின் அமைப்பில் நிகழ்ந்த மாற்றத்தை நோக்குவதே பயனுடையது. பலகையைச் சுற்றி நால்வர் இருந்து ஆடும்போது, கொடிய விதிகளாயினும் அவை நால்வர்க்கும் தெரிந்தவை. விலை பேசலாம், கடன் கொடுக்கலாம், விதியையே மாற்றுவோமென உடன்படலாம். எவரேனும் கள்ள ஆட்டம் ஆடினால் மற்றையோர் உடனே கண்டுகொள்வர். உணவுத் தட்டில் ஆடப்படும் மொனொப்பொலியில் எதிராளியும் இல்லை, பங்காளியும் இல்லை. நிலவுடைமையாளர் பலகையை விட்டு எழுந்துசென்று அச்சுக்கூடத்தில் அமர்ந்துவிட்டார். இம்மாற்றத்தின் பாரதூரம் பின்னர் தெரியவந்தது. ஆட்டத்தை நடத்த ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர் 1989 முதல் 2001 வரை பெரும்பரிசுத் துண்டுகளைக் களவாடித் தம்மவர்க்கு விற்றுவந்தார். களவுபோன பரிசுகளின் பெறுமதி 240 இலட்சம் டொலருக்கும் மேல். இக்காலம் முழுவதும் துண்டுகளைச் சேர்த்துவந்தோரின் அனுபவத்தில் எவ்வித வேறுபாடும் ஏற்படவில்லை. ஆடுவோர்க்குத் தெரியாமலே வெற்றியை முற்றாக அகற்றிவிடக்கூடிய ஒன்றை ஆட்டம் என அழைப்பது பொருந்துமா?

விளையாட்டுப் பற்றிய கோட்பாட்டாளர் இவ்விடத்தில் நமக்கு ஓரளவு உதவுவர். விளையாட்டு சுதந்திரமானது, பொருள்நலம் சாராதது என 1938இல் ஹுயிசிங்கா எழுதினார். சூதாட்டத்தை விலக்கும் இக்கருத்தை 1958இல் றொஜர் கைலுவா திருத்தினார். விளையாட்டிற் பணம் கைமாறலாம். ஆனால் புதிய செல்வம் உற்பத்தியாவதில்லை என்றார். இவ்வளவுகோலின்படி நோக்கின், சந்தை ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வும் ஒரு கொள்வனவு. ஆடுவோர் வென்றாலும் தோற்றாலும் அவரது ஆட்டம் பிறிதொருவரின் இலாபமாகின்றது. இன்றைய கைப்பேசிச் செயலிகளில் கொள்வனவோடு தகவலும் சேர்கின்றது. வாங்குவோரின் நடமாட்டமும் விருப்பும் பழக்கமும் பதிவாகின்றன. நட்சத்திரங்களும் பட்டங்களும் அவ்வுழைப்புக்கான கூலி. விமான நிறுவனங்களின் புள்ளித் திட்டங்கள் பற்றி இங்கு விரிக்கவேண்டியதில்லை. அவை பெரும்பாலும் கழிவு விற்பனையே.

விளையாட்டாக்கத்தைக் கண்டித்தோருள் இயன் போகொஸ்ற் குறிப்பிடத்தக்கவர். 2010இல் அவர் ஆக்கிய நையாண்டி ஆட்டமொன்றில் ஆடுவோர் செய்யக்கூடியது ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு பசுவின் படத்தைச் சொடுக்குவது மட்டுமே. கேலியாக ஆக்கிய அதனையும் பல்லாயிரவர் ஆடினர். இத்துறையினரை ஏமாற்றுக்காரர் என 2011இல் அவர் சாடினார். அவரது சினம் நியாயமானது. ஆயினும் ஆக்குவோரின் நேர்மையின்மையாக மட்டும் இதனைக் காண்பது போதாது. நேர்மையான ஆக்குநர் ஒருவர் அதே நிறுவனத்துக்கு அதே பணியைச் செய்யின் விளைவு எவ்வாறு வேறுபடும் என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை. ஆடுவோரின் வர்க்கநிலையும் அவரது ஆய்வில் இடம்பெறவில்லை.

அது எத்துணை முதன்மையானது என்பதைப் பிலிப்பைன்ஸ் நாட்டு நிகழ்ச்சி காட்டும். 1992 பெப்ரவரியில் பெப்சி நிறுவனம் அங்கு போத்தல் மூடிகளின் உட்புறத்தில் எண்களை அச்சிட்டு, நாள்தோறும் வெற்றி எண்ணை அறிவிக்கும் போட்டியொன்றைத் தொடங்கியது. உச்சப் பரிசு 10 இலட்சம் பெசோ. வறியோர்க்கு அது வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் கிட்டாத தொகை. மே 25ஆந் திகதி இரவு 349 என்ற எண் அறிவிக்கப்பட்டது. அவ்வெண் பொறித்த மூடிகளோ பல இலட்சம் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் வெற்றிக்குரிய பாதுகாப்புக் குறியீடு இல்லை என்று கூறி நிறுவனம் பரிசை மறுத்தது. நல்லெண்ண அடையாளமாக 500 பெசோ தருவதாக அறிவித்தது. ஏறத்தாழ 486,000 பேர் அதனைப் பெற்றுக்கொண்டனர். ஏனையோர் வீதிக்கு வந்தனர். வண்டிகள் எரிந்தன, குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். 1993 பெப்ரவரியில் பெப்சி வண்டியொன்றின்மீது எறியப்பட்ட குண்டு தெறித்து வெடித்ததில் மாண்ட ஆசிரியை ஒருவரும் ஐந்து வயதுக் குழந்தையும் அவர்களுள் அடங்குவர்.

சந்தைப்படுத்தல் நூல்கள் இதனைக் கணினிப் பிழையின் விளைவு என்றே கூறிவருகின்றன. பிழை நிகழ்ந்தது உண்மை. ஆனால் அமெரிக்க உணவகத்தில் வீசி எறியப்படும் துண்டுக்காக மணிலாவில் மக்கள் உயிரைக் கொடுத்தமையைப் பிழை விளக்காது. அம்மூடி அவர்களுக்கு விளையாட்டின் ஒரு கூறாக இருக்கவில்லை. வேறெவரும் தராத ஒரு வாக்குறுதியாக இருந்தது. விற்றவர் எண்ணைக் குறியீட்டோடு சேர்த்து வாசித்தார். வாங்கியவர் எண்ணை மட்டும் வாசித்தார். எந்த வாசிப்புச் செல்லும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை விதியை எழுதியவரிடமே இருந்தது. தனித்தனியே மூடி திறந்தோர் தம்மைப்போல் ஆடிய பிறரை முதன்முறையாகச் சந்தித்ததும் அவ்வீதிகளிலேயே. ‘349 கூட்டணி’ என்று அவர்கள் தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். வழக்குகள் பதினான்கு ஆண்டுகள் நீடித்தன. எண்ணும் குறியீடும் ஒருங்கே பொருந்தவேண்டும் என்ற முன்னைய தீர்ப்புக்களைப் பின்பற்றி, நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என 2006இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் முடிவாகத் தீர்த்தது.