கலகக் குரலும் ஊரின் செவியும்

1970களில் லண்டன் இளைஞரிடையே வலுப்பெற்ற பங்க் இசை, மெருகைத் துறந்து சினத்தையே அழகாகக் கொண்டது. அம்மரபின் ஆவேசத்தைத் தமிழ் அகதி வாழ்வோடு இணைத்தவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவர், போர்ச்சூழலால் மீண்டும் லண்டன் சென்றவர். தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய 'அருளர்' (2005), தாயின் பெயரைத் தாங்கிய 'கலா' (2007) ஆகிய இசைத் தொகுதிகளில் குடும்பக் கதையே இனத்தின் கதையாக விரிந்தது. 'கலா'வில் உறுமி முழங்கியது. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலோ, குடியேறியோரின் அவலம் பற்றித் தி கிளாஷ் என்னும் பங்க் குழுவினர் 1982இல் வெளியிட்ட பாடலின் இசைமீது எழுந்தது.

2022இல் வெளிவந்த 'மாதா' அவரது ஆறாவது தொகுதியாகும். தாளக்கட்டு தளரவில்லை, 'புத்தி' என்னும் தமிழ்ச் சொல்லே ஒரு பாடலுக்குத் தலைப்பாகிறது. ஆயினும், முன்னர் 'நாங்கள்' ஒலித்த இடத்தில் இங்கு 'நான்' ஓங்குகின்றது. 'பாப்புலர்' தற்காதலைப் பாடுகின்றது. அதனை எள்ளல் எனக் கொள்ளினும், எள்ளப்படுவோர் யாவர் என்பது தெளிவாகவில்லை.

இக்குறையின் பாரதூரம் ஈச்சிலம்பற்று போன்ற ஊரிலிருந்து நோக்குமிடத்தே புலனாகும். 2004இல் கடற்கோளையும், 2006இல் வாகரைக்கும் பின்னர் மட்டக்களப்புக்குமாகப் போர் துரத்திய இடப்பெயர்வையும் கண்ட மக்கள் அங்குள்ளனர். இத்தகையோரின் துயரே உலக அரங்கில் அக்கலகக் குரலுக்குப் பொருள் தந்தது. சாவீட்டிலும் திருவிழாவிலும் அதிரும் பறையை அறிந்த செவிக்கு 'கலா'வின் உறுமி அந்நியமன்று. 'மாதா'வோ தொலைவில் நிகழும் பிறரது கொண்டாட்டமாகவே கேட்கும். யாருடைய துயரிலிருந்து எழுந்ததோ, அவர்தம் செவிக்கு எட்டும் வரையே கலகக் குரலுக்கு வலிமையுண்டு.