சந்தாவும் சேகரிப்பும்: பல்கலைக்கழக நூலகக் கூட்டமைப்புகளில் மின்னூல்களும் ஸ்ட்ரீமிங் படங்களும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுச் சந்தா முறை ஆய்விதழ்களை மையமாகக் கொண்டு வளர்ந்தது. அம்முறையை மின்னூல்களுக்கும் ஸ்ட்ரீமிங் படங்களுக்கும் அப்படியே பொருத்துவதால் எழும் சிக்கல்களை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. உரிமத்தின் தன்மை, நூல்கள் திரும்பப் பெறப்படுதல், பயன்பாட்டுக் கணக்கீடு, தமிழ் நூல்களின் இடம் ஆகிய நான்கும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நூலகக் கூட்டமைப்பு, மின்னூல் உரிமம், ஸ்ட்ரீமிங் படங்கள், ஒரே நாடு ஒரே சந்தா, இன்ஃப்லிப்நெட், தமிழ் மின்னூல்

முன்னுரை

2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1.8 கோடிப் பேருக்குக் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. சிறு நகரக் கல்லூரி மாணவருக்கும் பெருநகர ஆய்வு நிறுவன அறிஞருக்கும் ஒரே வாசலைத் திறக்கும் முயற்சி என்ற வகையில் இதன் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயின், இத்திட்டம் வாங்குவது ஆய்விதழ்களையே. இலக்கியம், வரலாறு, மெய்யியல், திரைப்பட ஆய்வு போன்ற துறைகளில் ஆய்வின் முதன்மைக் கருவியாக விளங்கும் நூலும் படமும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. இந்த விடுபடலின் காரணத்தைக் கூட்டமைப்புகளின் வரலாற்றிலேயே தேட வேண்டியுள்ளது.

கூட்டமைப்புகளின் வளர்ச்சி

1991இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கிய இன்ஃப்லிப்நெட், 1996இல் தன்னாட்சி பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மையமாயிற்று. 2003இல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான இன்டெஸ்ட் கூட்டமைப்பும் பல்கலைக்கழகங்களுக்கான யுஜிசி-இன்ஃபோநெட் கூட்டமைப்பும் உருவாயின. கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் 2010இல் வந்தது. இம்மூன்றும் 2015இல் ‘இ-சோத்சிந்து’ என்ற பெயரில் ஒன்றிணைக்கப்பட்டன. இவற்றுள் என்-லிஸ்ட் தனித்துக் குறிப்பிடத்தக்கது. தனியாக ஒரு தரவுத்தளத்தைக்கூட வாங்க இயலாத கல்லூரிகளுக்கு இதழ்களோடு மின்னூல்களையும் அது கொண்டுசேர்த்தது. எனினும் விலைபேசும் முறை, உள்நுழைவு ஏற்பாடு, பயன்பாட்டு அறிக்கை ஆகிய அனைத்தும் இதழ்த்தொகுப்பை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. மின்னூல் அந்த ஏற்பாட்டுக்குள் பின்னர் வந்து சேர்ந்த விருந்தாளியாகவே இருந்துவருகிறது.

இதழும் நூலும்

இதழ்ச் சந்தாவில் ஒரு கட்டுரையை எத்தனை பேரும் ஒரே நேரத்தில் திறக்கலாம். தரவிறக்கிய கோப்பு வாசகரிடம் தங்கும். மின்னூலுக்கு இந்த இயல்பு உறுதியன்று. ஒரு பயனர், மூன்று பயனர், வரம்பற்ற பயனர் எனத் தலைப்புக்குத் தலைப்பு உரிமம் மாறுகிறது. அச்சிடத்தக்க பக்கங்களுக்கு வரம்பு உண்டு. அறுபது மாணவர் பயிலும் வகுப்புக்கு ஒரு பயனர் உரிமம் கொண்ட நூலைப் பாடநூலாக வைத்தால், ஒருவர் படித்து முடிக்கும்வரை ஐம்பத்தொன்பது பேர் காத்திருக்க நேரும்.

இதைவிட ஆழமான மாற்றம் பகிர்வில் நிகழ்ந்துள்ளது. நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூல்களை இரவல் தருவதே கூட்டமைப்புகளின் பழைய பணி. 1988இல் தில்லியில் தொடங்கிய டெல்நெட் அந்த அடிப்படையிலேயே வளர்ந்தது. ஒரு நூலகம் வாங்கிய அச்சு நூல் மற்றொரு நூலகத்தின் வாசகரைச் சென்றடையப் பதிப்பகத்தின் இசைவு தேவைப்படவில்லை. முழு மின்னூலை அவ்வாறு அனுப்பப் பெரும்பாலான உரிமங்கள் இடந்தருவதில்லை. எனவே பகிர்வு என்பது நூலகங்களுக்கு இடையிலான ஏற்பாடு என்ற நிலை மாறி, விற்பவர் விலை வைக்கும் பண்டமாகிவிட்டது.

அமெரிக்காவின் வடமேற்குப் பகுதிப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டமைப்பான ஆர்பிஸ் காஸ்கேட் 2011இல் தொடங்கிய முயற்சி இதற்குச் சான்று. வாசகர் திறந்து பயன்படுத்தும் நூல்களுக்கு முதலில் குறுங்கால வாடகை செலுத்துவது, பயன்பாடு குறித்த எண்ணிக்கையைக் கடந்தால் அனைத்து உறுப்பு நூலகங்களுக்குமாக அந்நூலை வாங்கிவிடுவது என்பது அதன் முறை. அவ்வாறு வாங்கும்போது பட்டியல் விலையின் பன்மடங்கு செலுத்தப்பட்டது. பின்னர் 2014 அளவில் பல பதிப்பகங்கள் குறுங்கால வாடகையைக் கடுமையாக உயர்த்தின. வாசகர் விருப்பத்தை ஒட்டிச் சேகரிப்பை வளர்க்கும் அம்முறை சிறந்ததே. ஆனால் அதன் செலவைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் நூலகங்களின் கையில் இல்லை.

நிலையற்ற உடைமை

2022 ஆகஸ்ட் இறுதியில், புரோக்வெஸ்ட் நிறுவனத்தின் ‘அகாடெமிக் கம்ப்ளீட்’ தொகுப்பிலிருந்து வைலி பதிப்பகம் 1,300க்கும் மேற்பட்ட மின்னூல்களை விலக்கிக்கொண்டது. கல்வியாண்டின் தொடக்கத்தில் பாடத்திட்டத்திலிருந்த நூல்கள் மறைந்தன. நூலகர்களும் ஆசிரியர்களும் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின் அவை 2023 ஜூன் வரை தற்காலிகமாக மீட்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் புரோக்வெஸ்டின் தாய் நிறுவனமான கிளாரிவேட், ஒருமுறை விலை கொடுத்து நிலையாக வாங்கும் முறையையே கைவிடுவதாக அறிவித்தது. இதற்கும் எதிர்ப்பு எழவே காலக்கெடு 2026 ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டது.

இத்தகைய மாற்றத்தின் சுமை பட்டியலாக்கத்தில் இறங்குகிறது. தொகுப்பில் நூல்கள் நுழைவதும் நீங்குவதும் ஓயாமல் நிகழும். ஒவ்வொரு நூலகப் பட்டியலிலும் பதிவுகள் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும். திருத்தப்படாவிடில் பட்டியலில் உள்ள நூல் திரையில் இராது. திரையில் உள்ள நூல் பட்டியலில் இராது. பதிவுகளை மையமாகத் திருத்தித் தரும் பொறுப்பைக் கூட்டமைப்பு ஏற்காதபோது, அதே வேலையை ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே செய்கிறது, அல்லது செய்யாமல் விடுகிறது. பணியாளர் குறைந்த நூலகங்களில் பின்னதே நிகழ வாய்ப்பு அதிகம்.

படங்களின் நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52(1)(ஜே) பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயற்பாடுகளின் ஒரு பகுதியாக, அதன் பணியாளர், மாணவர், பெற்றோர் முதலிய வரையறுத்த பார்வையாளருக்குத் திரைப்படத்தைக் காட்டுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. குறுந்தகட்டை வைத்திருந்த துறைக்கு இப்பிரிவு போதுமானதாக இருந்தது. ஸ்ட்ரீமிங் சேவையில் அவ்வாறில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கெனத் தரப்படும் தனிநபர் சந்தாவின் விதிகள் பொதுவாக வகுப்பறைத் திரையிடலை விலக்குகின்றன. சட்டம் தரும் இடத்தை ஒப்பந்தம் பறிக்கலாமா என்பதே இங்கு எழும் வினா. பிரிட்டனில் 2014இல் செய்யப்பட்ட திருத்தங்கள், கற்பித்தலுக்கான விதிவிலக்கை ஒப்பந்தத்தால் தடுக்க இயலாது என வரையறுத்தன. இந்தியச் சட்டத்தில் அவ்வாறான வெளிப்படையான விதி இல்லை.

நிறுவன உரிமமும் எளிதன்று. கனோபி சேவை பல்கலைக்கழகங்களுக்கு வழங்கிய ஒரு முறையில், ஒரு படம் 30 வினாடிக்கு மேல் நான்கு முறை பார்க்கப்பட்டாலே அதற்கான ஓராண்டு உரிமம் வாங்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. பார்வை பெருகப் பெருகச் செலவும் பெருகியது. நியூயார்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகள் செலவைக் காரணம் காட்டி 2019இல் அச்சேவையிலிருந்து விலகின. பயன்பாடு மிகுவதைக் கண்டு மகிழ வேண்டிய நூலகம் அதற்கு அஞ்சும் நிலையை இவ்வகை விலைமுறை உண்டாக்குகிறது.

கணக்கீட்டின் போதாமை

கூட்டமைப்பின் வெற்றி பெரும்பாலும் இரு எண்களால் அளக்கப்படுகிறது: தலைப்புகளின் தொகை, பதிவிறக்கங்களின் தொகை. மின்னூலில் இரண்டாவது எண் ஏமாற்றக்கூடியது. ஒரு தளம் நூலை இயல்வாரியாகத் தந்தால் பத்து இயல்களைப் படித்தவர் பத்துப் பயன்பாடுகளாகப் பதிவாவார்; முழு நூலாகத் தரும் தளத்தில் அவரே ஒரு பயன்பாடு. 2019இல் நடைமுறைக்கு வந்த கவுண்டர் தரத்தின் ஐந்தாம் பதிப்பு, ஓர் அமர்வில் ஒரு நூலை ஒரு முறையே எண்ணும் அளவையை அறிமுகப்படுத்தி இக்குறையைப் பெரிதும் களைந்தது. ஆயினும் நூறு பேர் ஒரு முறை புரட்டிய நூலையும் ஓர் ஆய்வாளர் மூன்று ஆண்டுகள் சார்ந்திருந்த நூலையும் எந்த அளவையும் வேறுபடுத்திக் காட்டாது. பதிவிறக்க எண்ணை மட்டும் கொண்டு சந்தாவைத் தொடர்வதா நிறுத்துவதா என முடிவுசெய்தால், ஆய்வாளர் எண்ணிக்கை குறைந்த துறைகள் முதலில் பாதிக்கப்படும். மொழித்துறைகள் அவ்வரிசையில் முன்னிற்பவை.

தமிழ் நூல்களின் இடம்

பன்னாட்டு மின்னூல் தொகுப்புகளில் ஆங்கில நூல்களே மிகுதி. தமிழில் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் திட்டம் ஆகியவை பெரும்பணி ஆற்றியுள்ளன. ஆனால் அவற்றின் வலிமை, பதிப்புரிமைக் காலம் முடிந்தவை, நாட்டுடைமையாக்கப்பட்டவை, உரிமையாளரின் இசைவு பெற்றவை ஆகியவற்றில் உள்ளது. இன்று விற்பனையிலுள்ள ஆய்வு நூலும் செம்பதிப்பும் இவற்றில் அரிதாகவே இடம்பெறும். அத்தகைய நூல்களுள் சில கிண்டில் வடிவில் கிடைத்தாலும், அவ்வுரிமம் தனிநபருக்குரியது. நூலகம் அதை வாங்கி மாணவருக்கு இரவல் தர இயலாது. ஆக, ஓராண்டில் வெளிவந்த ஆங்கில ஆய்விதழ் தமிழாய்வாளரின் மேசைக்கு வந்துவிடுகிறது; அவர் மேற்கோள் காட்ட வேண்டிய தமிழ்ப் பதிப்புக்காக இன்னும் பயணம் செய்ய வேண்டியுள்ளது. இக்குறைக்குக் கூட்டமைப்பை மட்டும் பொறுப்பாக்க முடியாது. நிறுவன உரிமம் என்ற விற்பனைமுறையே தமிழ்ப் பதிப்புலகில் வேரூன்றவில்லை. அதை வேரூன்றச் செய்யும் வாங்கும் வலிமை, தனி நூலகத்தைவிடக் கூட்டமைப்புக்கே உண்டு என்பதும் உண்மை.

முடிவுரை

கூட்டுச் சந்தா அணுகலைப் பரவலாக்கியது, சேகரிப்பை உருவாக்கவில்லை. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்து நான்கு நிபந்தனைகளை ஒப்பந்தங்களில் இடம்பெறச் செய்வது இன்றியமையாதது. முதலாவது, கல்வியாண்டின் நடுவில் நூலைத் திரும்பப் பெறாதிருத்தல். இரண்டாவது, மிகுதியாகப் பயன்படும் தலைப்புகளையேனும் நிலையாக வாங்கும் வாய்ப்பு. மூன்றாவது, பதிவுகளைத் திருத்தும் பொறுப்பை மையம் ஏற்றல். நான்காவது, பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் கல்விப் பயன்பாட்டை உரிமத்தால் குறுக்காதிருத்தல். இவற்றோடு மாநில அளவில் தமிழ் நூல்களுக்கெனத் தனிக் கூட்டுக் கொள்முதல் அமைய வேண்டும். 2027இல் தற்போதைய திட்டக்காலம் முடிகிறது. அடுத்த கட்டப் பேச்சு தொடங்குமுன், எத்தனை இதழ்கள் வாங்கப்பட்டன என்பதோடு, சந்தா நின்றுபோகும் நாளில் நூலகத்தில் எஞ்சுவது எது என்ற வினாவும் எழுப்பப்பட வேண்டும்.