கூடத்துக்கு வந்த பூதம்

பூதங்களையும் பிசாசுகளையும் காட்டும் பழைய திரைப்படங்களைக் கொட்டகையில் ஒருமுறை பார்த்து முடித்தவர்களும், அவற்றையே வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, குழந்தை குட்டிகளுடன் அமர்ந்து மறுபடியும் மறுபடியும் பார்க்க விரும்புகிறார்களே, அந்தப் பிரியத்தின் மூலம் எது என்பது ஆராயத்தக்க விஷயம். பழனியிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையிலுள்ள கீரனூரில் நின்று இக்கேள்வியை எழுப்பினால், அதற்கான விடை பழனியிலேயே கிடைத்துவிடுகிறது.

அகத்தியரின் ஆணைப்படி இரு குன்றுகளைத் தோளில் சுமந்துவந்து, முருகனோடு பொருது மாண்டு, மீண்டும் உயிர்பெற்ற இடும்பன் ஓர் அசுரன். ஆயினும் காவடிக்கு ஆதிகர்த்தா அவனே. மலையேறும் பக்தர்கள் பாதிவழியில் அவனை வணங்கிய பின்னரே ஆண்டவன் சன்னிதிக்குச் செல்கிறார்கள். பயங்கரமான ஒன்றை அழித்தொழிப்பதைவிட, அதை வசப்படுத்தி வாசலில் காவலுக்கு நிறுத்துவதே மேல் என்று கருதும் மனம் நம்முடையது. நம் பூதப் படங்களின் ஜீவனும் இந்த மனப்பாங்கில்தான் இருக்கிறது.

1951இல் வெளிவந்த ‘பாதாள பைரவி’யில் நேபாள மந்திரவாதியாகத் தோன்றி அச்சத்துக்கே ஓர் அழகைத் தந்த எஸ்.வி. ரங்காராவ், 1957இல் ‘மாயா பஜார்’ படத்தில் கடோத்கஜனாக வந்தபோது, அரக்கன் என்ற சொல்லின் கடுமையையே கரைத்துவிட்டார். கல்யாண விருந்தின் முன் அவர் ஒருவராக உட்கார்ந்திருக்க, லட்டுகள் தாமாக எழும்பி அவர் வாய்க்குள் புகும் அந்தக் காட்சியில், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுத் தந்திரம் இன்னதென்று ஊகிக்கத் தெரிந்தவரும் வியக்காமல் இருப்பதில்லை. 1967இல் எம்.வி. ராமன் இயக்கிய ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாவர் சீதாராமன் ஏற்ற ஜீபூம்பாவோ, தன்னை விடுவித்தவர்களுக்குத் துணையாகவே நிற்கிறது. இடையே, 1952இல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூட்டாக எடுத்த ‘காடு’ படத்தில், யானைகளுக்கு ரோம உடை அணிவித்து ஆதிகால விலங்குகளாக உலவவிட்டார்கள். அரிய முயற்சிதான்; ஆனால் அந்த விலங்குகளோடு உறவு கொண்டாட நமக்கு ஒரு கதை இல்லாமற்போயிற்று.

விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ 1978இல் தெலுங்கில் வந்து தமிழிலும் பேசிற்று. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் நீட்டிப் பேய் சமைக்கும் காட்சி, கொட்டகையில் ஒரு விநோதமாகக் கழிந்துவிடும்; வீட்டிலோ நம் அடுப்படி நாலடி தூரத்தில் இருக்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்து போக வேண்டிய பிள்ளை, துணைக்கு அக்காளைக் கூப்பிடும் அந்தக் கணத்தில் படத்தின் பலம் இரட்டிப்பாகிறது.

மேல்நாட்டிலும் இவ்விதமே நடந்தது. ஜேம்ஸ் வேல் 1931இல் எடுத்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ முதலான யூனிவர்சல் கம்பெனிப் படங்கள் ஐம்பத்திரண்டு, 1957இல் ஒரே தொகுப்பாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு வழங்கப்பட, வீடுகளில் அவற்றுக்குப் புதியதொரு ரசிகர் தலைமுறை தோன்றியது. ஏரிக்கரையில் சிறுமியொருத்தியுடன் பூ எறிந்து விளையாடும் போரிஸ் கார்லாஃபின் முகத்தை அண்மையில் அமர்ந்து நோக்குகிறவர்கள், அந்த உருவத்தின் குரூரத்தைக் காட்டிலும் அதன் தனிமையையே உணர்வார்கள். ஊரார் அதை எரியும் காற்றாலைக்குள் விட்டு முடிக்கிறார்கள்; நாமாயின் அதற்கும் ஒரு மேடை கட்டி, பொங்கல் வைத்திருப்போம்.

சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியபின், பெட்டி உள்ள வீட்டில் தெருவே திரண்டு படம் பார்த்தது. 2006இல் அரசு இலவசமாக வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கவே, சிறு வீடுகளிலும் கடோத்கஜன் காலடி வைத்தான். கொட்டகையின் இருட்டில் பயம் ஒவ்வொருவருக்கும் தனிச்சொத்து; கூடத்தில் அது குடும்பத்தின் பொதுச்சொத்து. “அவன் பீமன் மகன் சாமி, நல்லவன்தான், கண்ணைத் திற” என்று பேரனை மடியில் இழுத்துக்கொள்ளும் அப்பத்தா, கொட்டகையில் அடக்கிக்கொள்ள வேண்டிய கதையை இங்கே வாய்விட்டுச் சொல்கிறாள். பயானகமும் அற்புதமும் ஹாஸ்யமும் ஒரே மூச்சில் கலந்து, அச்சத்தைப் பழகிக்கொள்ளும் பயிற்சி அக்குழந்தைக்குக் கிடைக்கிறது.

இன்று கைப்பேசியில் ஆளுக்கொரு திரையாகப் பிரிந்துவிட்ட வீடுகளில் இப்படங்களும் தனியே பார்க்கப்படுகின்றன. படம் கெடுவதில்லை, கூடவிருந்து கதை சொல்பவர்தான் இல்லாமற்போகிறார். ஆகையால், பெரியவர்கள் மாதம் ஒருமுறையேனும் பிள்ளைகளை அருகே அமர்த்தி இப்பழைய பூதங்களை அறிமுகம் செய்துவைப்பது, கோயிலுக்கு அழைத்துப்போய் இடும்பன் கதை சொல்வதற்கு எவ்வகையிலும் குறைந்த காரியம் அன்று.